சமூக ஊடகத் தரவுகளும் தேர்தற் பிரசாரமும்

பண்டைத் தமிழகத்தில் ஊரவைக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கக் குடவோலை என்னும் முறை வழங்கியதென்பது நாம் அறிந்ததே. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் அம்முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையார் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன. குடத்தினுள் இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனே ஓலையை எடுத்தான். அறியாமையே அங்கு நடுவுநிலைமைக்குக் காவலாக நின்றது.

இன்று நிலைமை நேர்மாறாக இருக்கின்றது. வாக்குக் கேட்டு நம்மிடம் நீளும் கை, நம்மைப் பற்றி ஒன்றும் அறியாத சிறுவனது கை அன்று. நம் பெயர், வயது, தெரு, தொழில், வீட்டில் பேசும் மொழி, நாம் விரும்பிக் காணும் காட்சி, நம்மை வருத்தும் குறை ஆகிய பலவற்றையும் முன்னரே அறிந்துகொண்டு நீளும் கை அது. அவ்வறிவு எங்ஙனம் ஈட்டப்படுகின்றது, எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றது, அதனால் விளையும் நன்மை தீமைகள் யாவை என்பவற்றை நம் வேலூர், ஆம்பூர்ப் பகுதியைக் கண்முன் நிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், இத்துணை முயற்சி எதற்காக என்பதை உணர்தல் வேண்டும். 2019 ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 ஆம் நாள் வேலூர் மக்களவைத் தொகுதியில் நிகழ்ந்த தேர்தலை எடுத்துக்கொள்வோம். வேலூர், அணைக்கட்டு, கீழ்வைத்தியனான்குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கியது இது. தி.மு.க. வேட்பாளர் திரு. கதிர் ஆனந்த் 4,85,340 வாக்குகளும், அ.தி.மு.க. சின்னத்தில் நின்ற திரு. ஏ. சி. சண்முகம் 4,77,199 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 8,141. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் ஆகிய மூன்றிலும் ஒருவர் முந்த, ஏனைய மூன்றிலும் மற்றவர் முந்தினார். தொகுதியில் ஏறத்தாழ 1,500 வாக்குச் சாவடிகள் இருந்தன என்று கொள்க. ஒவ்வொரு சாவடியிலும் மூவர் மட்டும் மனம் மாறி வாக்கை மாற்றியிருப்பின், ஒரு பக்கம் 4,500 குறைந்து, மறுபக்கம் 4,500 கூடி, முடிவே தலைகீழாகியிருக்கும். ஏறத்தாழ ஆயிரம் வாக்காளரை உடைய ஒரு சாவடியில் அம்மூவர் யாவர்? இவ்வினாவிற்கு விடை காணும் பொருட்டே கட்சிகள் பெரும்பொருள் செலவிட்டுத் தரவுகளைத் திரட்டுகின்றன.

இனி, அத்தரவுகள் திரளும் வழியைக் காண்போம். எல்லாவற்றிற்கும் அடிப்படை வாக்காளர் பட்டியலே. அதில் வாக்காளர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பால் ஆகியவை காணப்படும். தொலைபேசி எண் இல்லை, சாதி இல்லை, சமயமும் இல்லை. ஆயினும் நம் நாட்டில் பெயரே பெரும்பாலும் சமயத்தைக் காட்டிவிடும். தெருவின் பெயர் சிற்சில இடங்களில் சாதியையும் காட்டிவிடும். இப்பட்டியலைக் கணிப்பொறிகள் எளிதில் வாரிக்கொள்வதைத் தடுக்கவே, 2018 ஆம் ஆண்டு தொடக்கத்தில், இணையத்தில் இடும் பட்டியல்களை எழுத்துருவில் அன்றிப் படவடிவில் இடுமாறு தேர்தல் ஆணையம் பணித்தது. படத்தையும் எழுத்தாக மாற்றும் கருவிகள் இன்று மலிந்துவிட்டமையால், அவ்வேலி உயரமான வேலி அன்று.

பட்டியலோடு சேர்த்து வைக்கப்படுவது சாவடிவாரியான பழைய முடிவு. நம் ஒவ்வொருவரது வாக்கும் மறைவானதே. ஆனால் ஒவ்வொரு சாவடியிலும் எக்கட்சிக்கு எத்தனை வாக்கு விழுந்தது என்பது தேர்தலுக்குப் பின் வெளியிடப்படுகின்றது. ஆகவே தனி மனிதன் மறைந்து நின்றாலும் அவன் தெரு மறைந்து நிற்பதில்லை. பல சாவடிகளின் வாக்குகளையும் ஒன்றாகக் கலந்து எண்ணும் முறை வேண்டுமென்று சட்ட ஆணையம் தனது 255 ஆவது அறிக்கையில் 2015 ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது, அஃது ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

இவ்விரண்டோடும் தொலைபேசி எண் சேர்ந்த பின்னரே பட்டியலுக்கு உயிர் உண்டாகின்றது. எண் எங்கிருந்து கிடைக்கின்றது? உறுப்பினர் சேர்க்கை ஒரு வழி. பாரதிய ஜனதா கட்சி 2014 ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய உறுப்பினர் சேர்க்கையில், குறிப்பிட்ட எண்ணுக்கு அழைத்து உடனே துண்டித்தாலே போதும். அழைத்தவர் எண் கட்சியிடம் பதிவாகிவிடும். குறை கேட்டல் மற்றொரு வழி. 2021 ஆம் ஆண்டு சனவரியில் தி.மு.க. தொடங்கிய ‘உங்கள் தொகுதியில் ஸ்டாலின்’ என்னும் நிகழ்ச்சியில் மக்களிடமிருந்து மனுக்கள் பெறப்பட்டுப் பதிவு செய்யப்பட்டன. ஆட்சிக்கு வந்தபின் அவற்றைத் தீர்க்க ஒரு தனித்துறையே ஏற்படுத்தப்பட்டது. குறை தீர்ந்தவர் பலர். ஆயினும், இன்ன தெருவில் இன்னார்க்கு இன்ன குறை என்னும் குறிப்பு ஒரு கட்சிக்கு எத்துணை மதிப்புடையது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! இத்தகைய வேலைகளுக்கென்றே தொழில்முறை நிறுவனங்கள் தோன்றியுள்ளன. 2021 ஆம் ஆண்டுத் தேர்தலுக்குத் திரு. பிரசாந்த் கிஷோருடன் தொடர்புடைய ‘ஐ-பேக்’ நிறுவனத்தைத் தி.மு.க. 2020 ஆம் ஆண்டிலேயே அமர்த்திக்கொண்டமை யாவரும் அறிந்தது.

இனிச் சமூக ஊடகங்களுக்கு வருவோம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் முதலியன நம்மிடம் காசு பெறுவதில்லை. நாம் எதனைப் பார்த்தோம், எவ்வளவு நேரம் நின்றோம், எவரோடு பழகுகின்றோம் என்பவற்றைக் குறித்துக்கொண்டு, அக்குறிப்பின் வலிமையால் விளம்பரதாரரிடம் காசு பெறுகின்றன. கட்சியும் அங்கு ஒரு விளம்பரதாரரே. ஈண்டு ஒரு நுட்பத்தை மறத்தலாகாது. அந்நிறுவனங்கள் தம் குறிப்பேட்டைக் கட்சியின் கையில் கொடுப்பதில்லை. ‘ஆம்பூரைச் சுற்றிலும் வாழும், 18 முதல் 25 வயது வரையுள்ள பெண்டிர்க்கு இப்படத்தைக் காட்டுக’ என்று கட்சி சொன்னால், அவர்களைத் தாமே தேர்ந்து காட்டுகின்றன. கட்சி தன்னிடமுள்ள தொலைபேசி எண்களை ஒப்படைத்து, அவ்வெண்களுக்குரியோர்க்கே காட்டுமாறு கேட்கலாம். அவர்களை ஒத்த இயல்புடைய பிறரையும் கண்டுபிடித்துக் காட்டுமாறு கேட்கலாம். நம் பகுதியார்க்கு உவமை சொல்வதாயின், தோல் மண்டியில் சரக்கைத் தரம் பிரிப்பதை ஒத்தது இச்செயல். கனம், மென்மை, வடு ஆகியவற்றை நோக்கித் தோல்கள் வெவ்வேறு அடுக்கில் இடப்படுகின்றன; ஒவ்வோர் அடுக்கும் ஒவ்வொரு வேலைக்குப் போகின்றது. இங்கே அடுக்கப்படுவோர் மக்கள்.

அடுக்கிய பின் நிகழ்வது சோதனை. ஒரே செய்தியை இரண்டு மூன்று வடிவில் செய்து, சிலர்க்கு ஒன்றும் சிலர்க்கு மற்றொன்றும் காட்டுவர். எதனை மிகுதியானோர் நின்று பார்த்தனர், எதனைப் பிறர்க்கு அனுப்பினர் என்று ஒரு நாளைக்குள் தெரிந்துவிடும். வென்ற வடிவத்திற்கே பணம் செலவிடப்படும். மேடைப் பேச்சாளர் கைதட்டலைக் கேட்டு அடுத்த ஊரில் பேச்சை மாற்றிக்கொள்வது பண்டை வழக்கம். அவ்வழக்கமே இன்று மணிக்கணக்கில் விரைவுபட்டிருக்கின்றது.

வாட்சாப்பின் இயல்பு சற்று வேறு. அங்கு அனுப்பும் செய்தியை இடையில் எவரும் படித்தல் இயலாது; விளம்பரத்தைப்போல் ஓரிடத்தில் நின்று தேடிப் பார்க்கவும் இயலாது. ஆதலின், சாவடிதோறும் ஒரு குழு அமைத்துச் செய்திகளைப் பரப்புவதே கட்சிகளின் முறை. பொய்ச்செய்தியால் பல இடங்களில் உயிர்ச்சேதம் நேர்ந்தபின், 2018 ஆம் ஆண்டில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்கட்கு மேல் அனுப்ப இயலாதவாறு அந்நிறுவனம் வரம்பிட்டது. ஆயினும் ஆயிரம் குழுக்களை உடைய கட்சிக்கு அவ்வரம்பு பெருந்தடையன்று.

நிற்க. இம்முறைகள் எல்லை கடந்த வரலாறும் உண்டு. உலகறிந்தது கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் நிறுவனத்தின் செய்தி. ஃபேஸ்புக்கில் குணநலன் காட்டும் வினாத்தாள் போன்றதொரு செயலியை ஏறத்தாழ 3 லட்சம் பேர் ஏற்றுக்கொண்டனர். அவர் தரவுகளோடு அவர்தம் நண்பர்களின் தரவுகளும் எடுக்கப்பட்டு, 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று 2018 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இந்தியாவில் அச்செயலியை ஏற்றோர் 335 பேரே. பாதிக்கப்பட்டிருக்கக்கூடியோர் 5,62,455 பேர் என்று ஃபேஸ்புக்கே கணக்குக் கூறியது. ஒருவன் கதவைத் திறந்தால் ஊரே வெளியே தெரியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 2019 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் ஃபேஸ்புக்கிற்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது.

நம் அருகிலேயே நிகழ்ந்தது புதுச்சேரி வழக்கு. 2021 ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலுக்கு முன், சாவடிவாரியான வாட்சாப் குழுக்களில் சேருமாறு பாரதிய ஜனதா கட்சியின் பெயரால் வாக்காளர்க்குக் குறுஞ்செய்திகள் வந்தன. ஆதாரோடு இணைந்த எண்களுக்கே அவை வந்தன என்று இந்திய சனநாயக வாலிபர் சங்கத்தைச் சேர்ந்தவர் ஒருவர் சென்னை உயர்நீதிமன்றத்தில் முறையிட்டார். எண்களைத் தம் தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று திரட்டினர் என்றது கட்சி. தம்மிடமிருந்து கசியவில்லை என்றது ஆதார் ஆணையம். நீதிமன்றமோ குற்றச்சாட்டை எளிதாகத் தள்ளிவிடாமல், எண்கள் எங்ஙனம் வெளிச்சென்றன என்பதற்கு ஆதார் ஆணையம் விடை கூறக் கடமைப்பட்டுள்ளது என்று கருதியது.

இக்குறை ஒரு கட்சிக்கே உரியதென்று எண்ணற்க. 2025 ஆம் ஆண்டு சூலையில் தி.மு.க. ‘ஓரணியில் தமிழ்நாடு’ என்னும் உறுப்பினர் சேர்க்கையை வீடுவீடாக நடத்தியது. அதில் ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவெண் கேட்டுப் பெறப்பட்டது; ஆதார் விவரமும் கேட்கப்படுகின்றது என்று வழக்குத் தொடர்ந்தவர் கூற, கட்சி அதனை மறுத்தது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஓ.டி.பி. பெறுவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் அத்தடையில் தலையிட மறுத்தது. இன்னும், 2024 ஆம் ஆண்டு மார்ச்சில், மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்ட பின்னும் ‘விக்சித் பாரத்’ என்னும் பெயரில் மத்திய அரசின் சாதனைகளைக் கூறும் செய்திகள் வாட்சாப்பில் வந்துகொண்டிருந்தமையால், அவற்றை உடனே நிறுத்துமாறு மின்னணுத் துறையைத் தேர்தல் ஆணையம் பணிக்க நேர்ந்தது. உதவித்தொகைக்கும் உரிமத்திற்கும் குடிமகன் அரசிடம் கொடுத்த எண், ஆளுங்கட்சியின் அழைப்பு மணியாகிவிடலாகாது என்பதே இவற்றால் அறியப்படும் நீதி. தாவீது அரசன் தன் குடிகளைத் தொகையிடப் புகுந்தபோது படைத்தலைவன் யோவாபு தடுத்துரைத்ததை வேதாகமத்தில் படிக்கின்றோம். மக்களை எண்ணுதல் தன்னிலே தீதன்று. எண்ணுவோன் எதற்காக எண்ணுகின்றான் என்பதே வினா.

இம்முறைகளால் நன்மை இல்லையோ எனின், உண்டு. பெருங்கூட்டம் கூட்டப் பொருளில்லாத சிறு கட்சியும், தனித்து நிற்பவரும் குறைந்த செலவில் மக்களை அடையலாம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசுவோர்க்கு உருதுவிலும், குடியாத்தத்துப் பக்கம் தெலுங்கு பேசுவோர்க்குத் தெலுங்கிலும், ஏனையோர்க்குத் தமிழிலும் கொள்கையை விளக்கலாம். காலணித் தொழிற்சாலையில் காலை முதல் மாலை வரை தையற் பொறியின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணொருத்தி பொதுக்கூட்டத்திற்குச் செல்வதரிது. பேருந்தில் வீடு திரும்பும்போது அவள் வேட்பாளர் பேச்சைச் செல்பேசியில் கேட்டல் எளிது.

எனினும் தீமைகளைச் சீர்தூக்கின் அவை நம் பகுதியிலேயே பெரிதும் அழுத்தமாகத் தோன்றும். பாலாற்றை நினைக்க. தோல் பதனிடுங் கழிவால் இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஒரு பகுதியோ முழுமையோ பயிர்க்கு உதவாததாயிற்று என்னும் ஆய்வை எடுத்துக்காட்டி, உச்சநீதிமன்றம் 1996 ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறி இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது அத்தீர்ப்பாலன்றோ! 2025 ஆம் ஆண்டு சனவரியிலும் அந்நீதிமன்றம் பாலாற்று மாசைப்பற்றி மீண்டும் கட்டளையிட வேண்டியதாயிற்று. ஒருபுறம் ஆறும் கிணறும் கெட்ட உழவர். மறுபுறம் தோல் தொழிலையே நம்பி உலை வைக்கும் பல்லாயிரம் குடும்பங்கள். இரண்டும் மெய்யான துன்பங்கள். இரண்டையும் ஒருங்கு வைத்து எண்ணித் தீர்வு காண்பதே அரசியல்.

ஒரு வேட்பாளர் கடைத்தெருவில் மேடையேறிப் பேசினால் உழவரும் கேட்பர், தொழிலாளரும் கேட்பர், தொழிற்சாலை உடையாரும் கேட்பர். ஆகவே அவர் இருசாரார்க்கும் பொருந்த ஒரு வழி சொல்லியே தீர வேண்டும். ஆனால் தரவுகளைக் கொண்டு தனித்தனியே செய்தி விடுப்பவர்க்கு அக்கட்டாயம் இல்லை. ஆற்றங்கரைச் சிற்றூர்களின் செல்பேசிகட்கு ‘ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழவிடோம்’ என்றும், ஆம்பூர்த் தொழிலாளர் செல்பேசிகட்கு ‘ஒரு தொழிற்சாலையும் மூடவிடோம்’ என்றும், முதலாளிமார்க்கு ‘கட்டுப்பாடுகளைத் தளர்த்துவோம்’ என்றும் ஒரே நாளில் சொல்ல அவரால் இயலும். ஒருவர்க்குச் சொன்னது மற்றவர் செவிக்கு எட்டாது. எட்டாதபோது முரண்பாட்டைக் கேட்பார் யார்? தேர்தலுக்குப் பின் எந்த வாக்குறுதி மெய்யென்று எவர் சாட்சி சொல்வார்? இவ்வாறு இங்கு நிகழ்ந்தது என்று யாம் கூறவில்லை. நிகழ்வதற்கு இடந்தருவதே கேடு என்கின்றோம்.

இரண்டாவது தீமை, அச்சத்தை விதைத்தல். பல சமயத்தாரும் பல சாதியாரும் ஒரே பட்டறையில் வேலை செய்து, ஒரே தேநீர்க் கடையில் நின்று பேசும் ஊர்கள் நம் ஊர்கள். ஒரு சாராரைப் பற்றி மற்றொரு சாரார்க்கு மட்டும் மறைவாக அனுப்பப்படும் செய்தி, மறுத்துரைப்பாரின்றியே மனத்தில் தங்கும். மெட்டா நிறுவனம் சமயம், அரசியற் சார்பு முதலியவற்றைக் குறித்த விளம்பரப் பிரிவுகளை 2022 ஆம் ஆண்டு சனவரியில் நீக்கியது நன்றே. ஆயினும் பெயரையும் தெருவையும் கொண்டு கட்சியே தொகுத்த பட்டியலை அந்நீக்கம் தடுப்பதில்லை.

மூன்றாவது, பெண்களுக்கு நேரும் இடர். வாட்சாப் குழுவில் ஒருவர் சேர்க்கப்பட்டால் அவர் எண் குழுவிலுள்ள அனைவர்க்கும் தெரியும். சாவடிக் குழுவில் தன்னைக் கேளாமலே சேர்க்கப்பட்ட பெண்ணின் எண் முன்பின் அறியாத நூற்றுக்கணக்கான ஆடவர் கையில் இருக்கும். அதன் விளைவை அவளே சுமப்பாள். சேர்த்த கட்சி சுமப்பதில்லை.

இத்தீமைகட்குச் சட்டம் காவலாகுமோ? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். தனிமனிதத் தரவுகளைக் காக்கும் சட்டம் 2023 இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகள் அதற்குப் பதினெட்டு மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டன. ஆனால் சட்டத்தின் கட்டளையால் வெளியிடப்படும் தரவுகளும், ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்டவையும் அச்சட்டத்திற்குப் புறம்பு. வாக்காளர் பட்டியல் முன்வகையைச் சேரும். நாம் ஊரறிய இடும் படங்களும் கருத்துகளும் பின்வகையைச் சேரும். தேர்தல் ஆணையமோ, சமூக ஊடக விளம்பரங்கட்கு முன்னனுமதி பெறவும் அச்செலவைக் கணக்கிற் காட்டவும் 2013 ஆம் ஆண்டிலேயே பணித்தது. 2019 முதல் அரசியல் விளம்பரத்திற்குப் பணம் தந்தவர் பெயரைக் காட்டும் பொதுப் பதிவேடுகளையும் ஃபேஸ்புக், கூகுள் நிறுவனங்கள் வைத்துள்ளன. ஆயினும் வாட்சாப் குழுக்களில் உலவுவது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இவற்றையெல்லாம் சொல்லுமிடத்து, தரவுகள் மந்திரக்கோல் என்று மயங்குதலும் கூடாது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா கையாண்டவை பெரும்பாலும் பிறரும் அறிந்த பொது முறைகளே என்று பிரிட்டனின் தகவல் ஆணையர் 2020 ஆம் ஆண்டில் தெரிவித்தார். வாக்காளன் குடும்பத்தையும், தொழிலையும், அனுபவத்தையும் கொண்டே பெரிதும் முடிவு செய்கின்றான். மேலே கூறிய வேலூர்த் தேர்தலே இதற்குச் சான்று. அது முதலில் 2019 ஏப்ரல் 18 ஆம் நாள் நிகழ இருந்தது. 11 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பணம் கைப்பற்றப்பட்டதை அடுத்து, ஏப்ரல் 16 ஆம் நாள் குடியரசுத் தலைவரால் நீக்கம் செய்யப்பட்டது. அப்பணம் வார்டுவாரியாகக் குறியிட்டுக் கட்டப்பட்டிருந்தது என்று செய்தித்தாள்கள் எழுதின. ஆழ்ந்து நோக்கின், செய்தி அனுப்புதற்கும் காசு கொடுப்பதற்கும் வேண்டியது ஒரே பட்டியல்தான். பட்டியல் கூர்மையாகக் கூர்மையாக இரண்டும் எளிதாகும். ஆதலின், தரவு புகுந்தால் பணம் வெளியேறும் என்று நம்புவோர் ஏமாறுவர்.

ஆயின் நாம் செய்யத்தக்கது யாது? நம் கல்லூரியிற் பயில்வோருள் பெரும்பாலார் முதன்முறை வாக்காளர். கட்சிகளின் தரவுகள் மிகுதியும் நாடுவதும் நம்மையே. எண் கேட்பவரிடம் எதற்கென்று கேட்போம். எவர்க்கும் ஓ.டி.பி. கூறாதிருப்போம்; வீட்டில் முதியோர்க்கும் அதனை எடுத்துரைப்போம். நம்மைக் கேளாமல் யார் குழுவில் சேர்க்கலாம் என்பதை வாட்சாப்பின் அமைப்பிலேயே நாம் வரையறுத்துக்கொள்ளலாம். அதனைத் தாய்மார்க்கும் தமக்கையர்க்கும் செய்து கொடுப்போம். விளம்பரம் ஒன்றைக் கண்டால் அதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்று பதிவேட்டில் தேடுவோம். வேறு தெருவில், வேறு சமயத்தில், வேறு தொழிலில் இருக்கும் நண்பரிடம், ‘உனக்கு என்ன செய்தி வந்தது?’ என்று கேட்டு இரண்டையும் ஒப்பிடுவோம். தரம் பிரித்து வேறு வேறாக அடுக்கப்பட்டோர் மீண்டும் ஒருங்கு கூடிப் பேசுவதே இந்நோய்க்கு முதல் மருந்து.

அதற்கு மேலும் ஒன்று உண்டு. தேர்தல் வருந்தோறும் எல்லாக் கட்சி வேட்பாளரையும் ஒரே மேடைக்கு அழைத்து, உழவரும் தொழிலாளரும் உடனமர்ந்திருக்கையில், ‘பாலாற்றையும் காத்துத் தோல் தொழிலையும் காக்க உம் வழி யாது?’ என்று வினவுவது நம் போன்ற கல்லூரிகளால் இயலாத செயலன்று. ஆற்றங்கரையில் சொன்ன சொல்லை ஆம்பூர்க் கடைத்தெருவிலும் சொல்லத் துணிபவர் எவரோ, அவர் வாக்குக் கேட்கத் தகுதியுடையவர். செல்பேசியில் மட்டும் சொல்லக்கூடிய வாக்குறுதி வாக்குறுதியாகாது.